எண்பத்தைந்து

கேத்தியில் டிசம்பர் கடைசி.
மூச்சு விட்டால் அது கண்ணெதிரே நின்று
யோசித்துவிட்டுத்தான் கலைகிறது.
என் சமையலறைச் சன்னலுக்குக் கீழே
போஜண்ணனின் கேரட் பாத்தியில் குத்தி வைத்த சென்சார் மட்டும்
எண்பத்தைந்து டிகிரி என்கிறது.
டீத்தூள் போட்டால் சாயம் இறங்கும் அந்தச் சூட்டில்.

"உன் காய்ச்சல்காரன் எப்படி இருக்கான்?"
பால் பூத்தில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.
சிரிக்காமல் கேட்பார், அதுதான் கஷ்டம்.
ஒன்பதாம் இரவில் அவருடைய மேல்பாத்தி
உப்புத் தூவியதுபோல் வெளுத்து
பத்து மணி வெயிலில் கறுத்துப்போனது.
இரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கினால் கத்த வேண்டிய பெட்டி
எண்பத்தைந்தை மடியில் வைத்துக்கொண்டு
சும்மா இருந்தது.

பெட்டி என் தயாரிப்பு.
ஆயிரத்து நூறு ரூபாய் கிட்,
குன்னூர் கூரியர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு
பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது.
பகலில் எனக்கு ஊசி ஃபேக்டரியில் காது பார்க்கிற வேலை.
ஓடுகிற பெல்ட்டில் காது கோணிய ஊசியை
விரல் போகும் முன்பே கண் எடுத்துவிடும்.
பதினாறு வருஷம்.
அந்தத் திமிரில்தான்
நானே பொறுக்கிப் போட்ட பாகங்களை
மறுபடி ஒருமுறை பார்க்கவே இல்லை.

ஒயரை மாற்றினேன். எண்பத்தைந்து.
புரோகிராமை வரி வரியாகத் தட்டினேன். எண்பத்தைந்து.
பிடுங்கி வந்து அக்குளில் இடுக்கினேன்,
முட்டைக்கோஸ் இலைக்குள் சுருட்டிப் பார்த்தேன்.
கடைசியில் கிட்டில் உபரியாக வந்த தம்பியை எடுத்து மாட்டினேன்.
அவனும் அதையே சொன்னான்.
இரண்டு பேர் ஒரே பொய்யை ஒரே எழுத்தில் சொன்னால்
சொல்லிக்கொடுத்தவர் வெளியே இருக்கிறார்.

கையேட்டின் பின்பக்கம், எறும்பு எழுத்தில்:
விழித்தவுடன் அதன் நினைவில் இருக்கிற எண் இது.
இன்னும் எதையும் அளக்கவில்லை என்பதற்கு
அதன் பாஷையில்
எண்பத்தைந்து.

பன்னிரண்டாம் இரவு, இரண்டேகால். கரண்ட் போனது.
பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது,
எழவு, அதே எண்ணோடு.
போன் டார்ச்சைப் போர்டு மேல் சாய்த்தேன்.
வெள்ளை வெளிச்சம்.
ரெசிஸ்டரின் உடம்பில் கோடுகள்:
மஞ்சள், ஊதா,
ஆரஞ்சு.

சிவப்பு இருக்க வேண்டிய இடம்.
நாற்பது வாட் பல்பின் கீழே
ஆரஞ்சும் சிவப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.
நாலாயிரத்து எழுநூறு போட வேண்டிய இடத்தில்
நாற்பத்தேழாயிரம் போட்டிருக்கிறேன்.
ஒயர் மிச்சமாகட்டும் என்று இரண்டே கம்பியில் ஓட்டியவள் நான்:
பேசுகிற கம்பியிலேயே அதற்குச் சோறும்.
அந்த வாசலைப் பத்து மடங்கு குறுக்கியிருக்கிறேன்.
பேர் கேட்டால் சொல்லத் தெம்பிருந்தது,
குளிரை அளக்கத் தெம்பில்லை.
பொய் இல்லை அது. பசி.

சரியான ரெசிஸ்டர் கிட்டில் இல்லை.
பத்தாயிரத்தில் இரண்டு கிடந்தன.
அருகருகே கட்டினால் பாதியாகிற விசித்திரக் கணக்கு,
ஐயாயிரம், போதும்.
சாலிடர் அயர்ன் கரண்டில்லாமல் செத்துக் கிடக்க
கால்களைப் பல்லால் கடித்து வளைத்து
வெறும் விரலால் முறுக்கினேன்.

எண்பத்தைந்து.
பிறகு ஒரு நொடி எதுவுமில்லை.
பிறகு 1.8,
கூடவே பெட்டியின் கத்தல்.
நானே பயந்துபோய்க் கையை உதறினேன்.

"எத்தனை?" என்றார், ஹலோகூட இல்லாமல்.
"ஒண்ணு புள்ளி எட்டு. இறங்குது."
போர்வை விலகும் சத்தம்,
செருப்பைக் கால் தேடும் சத்தம்.
கொஞ்ச நேரத்தில் டீசல் மோட்டார் இருமி இருமிப் பிடித்தது.
இருட்டில் கேரட் தழை மேல் தண்ணீர் தெறிப்பதைக்
காதால்தான் பார்த்தேன்.

நோட்டில் பதினொரு எண்பத்தைந்துகளின் கீழே
1.8 என்று எழுதினேன்.
விடிந்தால் பால் பூத்தில் கேட்பார்,
காய்ச்சல்காரனுக்கு என்னதான் வியாதி என்று.
மேல்பாத்தி நினைவோடுதான் கேட்பார்.
ஊசிக் காது பார்க்கிறவள்
அவருக்கு ஆரஞ்சு நிறத்தை
எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது?